எதுக்கு ஸ்பானிஷ்?

“ஸ்பானிஷை நிறுத்திட்டு இந்திக்கு மாத்திடலாம் நீலாக்கா. மூணாவதுலேர்ந்து நானும் சினேகாவோட மாரடிக்கிறேன். எட்டாவது வந்தும் பாஸ் மார்க்கைத் தாண்ட மாட்டேங்குறா” என்றாள் தஸ்னீம் டீச்சர்.

காசிமேட்டில் மீன் விற்ற கையோடு திருவொற்றியூர் பள்ளிக்கு ஓடி வந்திருந்த நீலா அசைந்து கொடுக்கவில்லை.

“மார்க்கு கெடக்குது டீச்சர். எம்பொண்ணு பேசணும். தலகீழ நின்னாவது நீங்க சொல்லிக் குடுங்க.”

“அவங்கப்பா மாதிரி கப்பல் வேலைக்கு அனுப்பப் போறீங்களா?”

“அய்ய, அந்தப் பொழப்பே வாணாம்.”

“அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்? தெருவே கேலி பண்ணுதுன்னு அவ அழறா.”

நீலா செல்போனை நீட்டினாள். திரையில் ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டிருந்தான். அச்சு அசல் சினேகாவின் தெற்றுப்பல்.

“உங்க சொந்தக்காரப் பையனா?”

“பேரு மத்தேயோ. சிலி நாட்டுல கீறான். சினேகா ரெண்டாவது படிக்கச் சொல்லோ அவங்கப்பா செத்தாரு. அப்பதான் அவருக்கு அங்க இன்னொரு குடும்பம் கீதுன்னு தெரிஞ்சுது.”

தஸ்னீம் செல்போனை வாங்கி அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தாள்.

“அந்தப் பொம்பளையாண்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல டீச்சர். ஆனா நாளைக்கு நான் பூட்டா, இவளுக்குன்னு கீறது அந்தத் தம்பி ஒருத்தன்தான். அவனுக்குத் தமிழ் தெரியாதே!”