திருத்தப்பட்ட கேள்வி

வாசல் பட்டனைக் கழற்றி, அதற்குள் இருந்த பேட்டரியையும் எடுத்துக் கையில் வைத்திருந்தாள் அதீபா. அப்போதும் ஹாலில் காலிங் பெல் அடித்தது.

அது சுவர் பிளக்கில் செருகும் பெல். வாசல் பட்டனுக்கும் அதற்கும் நடுவே ஒயர் கிடையாது. பட்டனை அமுக்கினால் குருவி மாதிரி கத்தும். அமுக்காவிட்டால் பேசாமல் இருக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாலைந்து நாளாக ஆளில்லாமல் அடிக்கிறதே, யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் பட்டனையே கழற்றி உள்ளே கொண்டுவந்தாள். இப்போது அமுக்குவதற்கு வாசலில் ஒன்றுமே இல்லை.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதவைத் திறந்து பார்த்தாள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்ட், அதை ஒட்டி மடக்கி வைத்த சக்கர நாற்காலி. அந்த வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. மாடிப்படியிலும் ஆள் அரவம் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ஆம்பூரிலிருந்து குமணன்சாவடிக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அக்கம்பக்கத்தில் இன்னும் ஒரு முகமும் பழகவில்லை. கணவன் முஜீப் திருமழிசை கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்டில் இருந்தான். போன் செய்தாள்.

"என்னங்க, பட்டன் என் கையில இருக்கு. பெல் தன்னால அடிக்குது."

"ஜின்னு வந்திருக்கும். உக்கார வெச்சு டீ போட்டுக் குடு."

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சரி, சரி. நெட்ல போட்டுத் தேடிப் பாரு. சூப்பர்வைசர் வர்றாரு, வெச்சிடறேன்."

தேடினாள். வீட்டு ரிப்பேர் சந்தேகங்களைத் தமிழில் கேட்டுப் பதில் வாங்கும் ஓர் இணைய மன்றம் அகப்பட்டது. 'யாருமே அமுக்காமல் அடிக்கும் பெல்' என்று பழைய பதிவு ஒன்று. அவசரமாகத் திறந்தாள். கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் 'தீர்ந்தது, அனைவருக்கும் நன்றி' என்று மட்டும் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், 'திருத்தப்பட்டது'. காரியம் முடிந்ததும் கேட்டவர் கேள்வியை அழித்துவிட்டார். மற்றவர்கள் எழுதிய பதில்கள் மட்டும் அப்படியே நின்றன.

'அது உங்களைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிடுகிறது.'

'சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. தாண்டி வந்துவிடும்.'

'எங்கள் வீட்டிலும் வந்தது. வீடு மாறிய பிறகுதான் விட்டது.'

'பிளக்கைப் பிடுங்கினால் சத்தம்தான் நிற்கும். கூப்பிடுவது நிற்காது.'

பிளக்கை நோக்கி நீண்ட அதீபாவின் கை பாதியில் நின்றது. பெல் மறுபடி அடித்தது. இந்த முறை விட்டுவிட்டு அல்ல, ஒரே மூச்சாக. குழந்தை வீறிட்டது. அவள் உதடுகள் தாமாகவே துஆ ஓத ஆரம்பித்தன.

பக்கத்தின் அடியில் மன்றத்தை நடத்துபவரின் பெயரும் எண்ணும் இருந்தன. கோபி, ஆவடி. அழைத்தாள்.

"அண்ணே, உங்க மன்றத்துல பெல்லப் பத்தி ஒரு பதிவு இருக்கே, அதுல கேள்விய ஏன் அழிச்சிட்டாங்க? அந்த வீட்ல அப்படி என்ன வந்துச்சு?"

"தோ, இதான்மா என் தலவலியே," என்றான் கோபி. "பழைய பதிவ திருத்த உடாம பூட்டி வெக்கலாம்னு பாத்தா, எழுத்துப்பிழய மாத்தணும், போன் நம்பர மாத்தணும்னு சண்டைக்கு வராங்க. உட்டு வெச்சா, வேல முடிஞ்சதும் கேள்வியவே தொடச்சிட்டுப் பூட்றாங்க. பின்னால வர்றவன் வெறும் பதிலப் படிச்சிட்டு முழிக்கிறான்."

"நானும் அதத்தான் படிச்சேன். கைப்புள்ளய வெச்சுக்கிட்டுத் தனியா நிக்கறேன் அண்ணே. வீட்ட விட்டுப் போயிடட்டுமா?"

"இரும்மா, இரும்மா. எத்தினி வாட்டி திருத்துனாலும் மொதல்ல எழுதுனது எங்கிட்ட பத்திரமா கீது. எடுத்துப் படிக்கிறேன்."

கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கோபி நிதானமாகப் படித்தான்: "'அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். எங்களைக் கூப்பிட வசதியாகக் கட்டிலோரம் ஒரு வயர்லெஸ் பட்டன் வைத்தோம். அவர் அமுக்காதபோதும் எங்கள் பெல் அடிக்கிறது. ஏன்?' அவ்ளோதாம்மா. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

அதீபாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ஏன் அண்ணே அடிச்சுது?"

கோபிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மலிவு பெல்லுங்க நெறய ஒரே கோட் நம்பர்ல வரும்மா. பக்கத்து ஊட்டு பட்டன அமுக்குனா, அவங்க பெல்லோட உன் ஊட்டு பெல்லும் சேந்து கத்தும். ரேடியோ அலைக்கு செவுரு இன்னா பெரிய தடையா? அந்த நம்பர மாத்திட்டா தீந்துது. பயப்படாத, எந்த பட்டனும் தன்னால அமுங்காது. எங்கியோ ஒரு விரல் அமுக்குனாதான்..."

குழந்தையின் அழுகையையும் மீறி அந்தக் குருவிச் சத்தம் போன் வழியே அவனுக்கும் கேட்டுவிட்டது.

"இன்னாமா இது, வுடாம அடிக்குது? பக்கத்து ஊட்ல யாரு கீறாங்க?"

"யாருமில்ல அண்ணே. வெளியில பூட்டு தொங்குது. வாசல்ல ஒரு சக்கர நாற்காலிதான் மடக்கி வெச்சிருக்கு."

மறுமுனையில் கோபியின் குரல் உயர்ந்தது.

"பூட்ட ஒடைமா, உள்ள ஆளு கீது!"