முன் அனுபவம்

“கம்பெனிக்குள்ள நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் நடுவுல தகவல் கொண்டுபோற வேலைம்மா இது. அனுபவம் இருக்கா?” லேப்டாப் திரையில் சென்னை மேலாளர் கேட்டார்.

செஞ்சி வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ரஞ்சனி, “நிறைய இருக்கு சார்,” என்றாள். “எங்க நிர்வாகமும் ஃபீல்டுல இருக்கிறவரும் நேர்ல பேசிக்கவே மாட்டாங்க. எல்லாம் என் வழியாத்தான்.”

“ஒரு உதாரணம்?”

“நேத்து நிர்வாகம், ‘அந்தத் தண்டச்சோறு மோட்டாரை நிறுத்தித் தொலைச்சானா’ன்னு கேட்டுச்சு. ‘மோட்டாரை நிறுத்திட்டீங்களான்னு அக்கறையா விசாரிச்சாங்க’ன்னு சொன்னேன்.”

“அதுக்கு அவர்?”

“அவர் சொன்னதைச் சொல்ல முடியாது சார். ‘நன்றி’ன்னு மாத்திக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டேன்.”

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

ரஞ்சனி கூடத்துக்கு வந்தாள். கடலை போடுவதா, கரும்பு போடுவதா என்ற சண்டையில் பேச்சை நிறுத்திய மாமனார் ஜெயராமனும் கணவன் வளவனும், வழக்கம்போல ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“மாமா, மெட்ராஸ்ல வேலை கெடைச்சிடுச்சு. இனிமே ஞாயித்துக்கிழமைதான் இங்க வருவேன்.”

இருவருக்கும் முகம் வெளிறியது. வருஷக்கணக்கில் நடக்காதது அப்போது நடந்தது. ஜெயராமன் மகன் பக்கம் திரும்பினார்.

“டேய், இவ போயிட்டா நாம எப்பிடிடா பேசிக்கிறது?”

“அதான் நைனா, எனக்கும் டென்சனா இருக்குது!”