உபதேசியாரின் ஞானஸ்நானம்

அப்பா செருப்பைக் கழற்றி மணலில் விட்டுவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

நான் ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். பக்கத்தில் டெரெக். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஜெபக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

அவன் பேசுவதை எங்கள் தும்புகா மொழியில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் பேசுவதை அவனுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரண்டும் தெரிந்தவள் அந்தக் கரையில் நான் ஒருத்திதான்.

வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவரையும் இதே தண்ணீரில் முக்கி எடுத்து ஞானஸ்நானம் கொடுத்தவர் அப்பா. செங்கல் சுட்டு இந்தக் கரையின் முதல் சபையைக் கட்டியவர். உபதேசியார் கோண்ட்வே என்றால் ஏரிக்கு அக்கரை வரை தெரியும்.

காலையில் அந்தச் சபைக்குள் நின்றுகொண்டுதான் டெரெக் கேட்டான். இயேசுவின் பெயரை இதுவரை கேள்விப்படாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றான்.

மொழிபெயர்த்தேன். யாரும் அசையவில்லை.

அப்போது அவன் தன் ஊரைப் பற்றிச் சொன்னான். அங்கே வீட்டுக்கு வீடு எங்கள் கரையின் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்களாம். அந்தப் பெயரைக் கேள்விப்படாத எங்களுக்காகச் சாப்பிடாமல் கிடந்து ஜெபம் பண்ணினார்களாம்.

விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கோழி கொடுத்துப் பார்த்தோம், வேண்டாம் என்றார்கள். நிலக்கடலை கொடுத்தோம், தொடவில்லை. அவர்கள் வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான்.

கொடுத்தார்கள்.

பாட்டுக் குழுவின் தலைவி முதலில் கையைத் தூக்கினாள். காணிக்கைத் தட்டு பிடிக்கும் மூப்பர் தூக்கினார். பிறகு பார்த்த இடமெல்லாம் கைகள்.

டெரெக் அழுதுவிட்டான். அப்பா தன் கையால் இழைத்த மரச் சிலுவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதான். கை தூக்கியவர்கள் எல்லோருக்கும் இன்றே ஏரியில் ஞானஸ்நானம் என்றான்.

அப்பா மட்டும் கையைத் தூக்கவில்லை. எனக்கு இருந்த ஆறுதல் அவ்வளவுதான். அதுவும் இப்போது வரிசையில் நகர்ந்து நகர்ந்து தண்ணீரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த நியாமோனேக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நம்மளையெல்லாம் மூக்கைப் பிடிச்சு முக்குன மனுசன். இப்ப அவரையே முக்க ஆள் வந்திருக்கு. வந்து பாருங்கடி."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது.

ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் போதும். இவர்தான் எங்கள் உபதேசியார், நீ பிறப்பதற்கு முன்பே இங்கே சபை இருந்தது. அதை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன்.

அப்பா தண்ணீருக்குள் இறங்கினார். பிரசங்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை.

திரும்பிப் போங்கள், ஊரே சிரிக்கிறது என்றேன். போகாவிட்டால் நீங்கள் யாரென்று இவனிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

என்ன விஷயம் என்று டெரெக் கேட்டான். பயப்படுகிறார் என்றேன். அவன் அப்பாவின் தோளில் கை போட்டான், பள்ளிக்கூடப் பையனைத் தேற்றுவதுபோல.

பெயர் என்ன என்று கேட்டான். அந்தப் பெயரைச் சொல்லித்தான் முக்க வேண்டும். அதைத் தன் ஊருக்கும் அனுப்புவான். அங்கே அந்தப் பெயருக்காகத் தினமும் ஜெபம் நடக்கும். இதையெல்லாம் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்தார்.

"சுஸ்கோன்னு சொல்லும்மா."

சுஸ்கோ என் அண்ணன்.

ஆவி இறங்கியவர்களை ஆடவைத்துக் குணப்படுத்தும் வீடுகளில் மேளம் அடித்தவன். ஞானஸ்நானம் வேண்டாம் என்றே இருந்தவன். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனான்.

ஞானஸ்நானம் வாங்காதவனுக்குச் சபையின் மணி அடிக்காது. பாட்டு கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் குழி கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவர் அப்பா.

மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் நானும் அம்மாவும் மேளக்காரர்களும்தான் அண்ணனுக்கு மண் தள்ளினோம். சபைப் பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. அப்பா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

டெரெக் காத்துக்கொண்டிருந்தான்.

"சுஸ்கோ" என்றேன். கரைக்குக் கேட்கும்படி சொன்னேன்.

நியாமோனேயின் சிரிப்பு நின்றது. மீனின் மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டக்கூட யாரும் கையை எடுக்கவில்லை.

டெரெக் என் அண்ணனின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லி அப்பாவை மல்லாக்கத் தண்ணீருக்குள் சாய்த்தான். கோட்டு மட்டும் உப்பிக்கொண்டு மேலே நின்றது.

மூச்சுத் திணறி எழுந்தவர், பிடித்துக்கொள்ள என் கையைத் தேடினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

டெரெக் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பழையதெல்லாம் கழுவியாகிவிட்டது, இனி இவர்மேல் ஒரு பாவமும் இல்லை, இவரிடம் சொல் என்றான்.

தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.