நாற்பதடி தூரம்

குழியில் விழுந்தால் கைதட்டு வாங்குகிறவன் யார், சொல்லுங்கள்?

கோல்ஃப் பந்துதான். கிளப் மைதானத்தில் சிறுமி தாரிகா அடித்த பந்து, பயந்துபோய்ப் புல்லில் கிடந்தது. நாற்பதடி தள்ளிக் கொடி நட்ட குழி. அதற்குப் பின்னால் குளம். தரையோ காய்ந்து கல்லாகியிருந்தது.

"வா தம்பி, உன்னை உயரத் தூக்கிக் கொடியருகே இறக்குகிறேன்" என்றது அவள் பையிலிருந்த பளபளப்பான மட்டை.

"தூக்கு, தூக்கு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது காற்று.

பந்து குளத்தைப் பார்த்தது. "அண்ணே, நீங்க?" என்று அதே பையிலிருந்த குட்டை மட்டையைக் கேட்டது.

"எனக்கு உருட்டத்தான் தெரியும். வழியெல்லாம் மேடு பள்ளம். உடம்பெல்லாம் மண்ணாகும், பரவாயில்லையா?"

"மண்ணைத் துடைச்சுக்கலாம் அண்ணே."

தாரிகா காய்ந்த புல்லைக் கிள்ளி மேலே விட்டுக் காற்றின் திசை பார்த்தாள். அது குளத்துப் பக்கம் பறந்தது.

அவள் குட்டை மட்டையை எடுத்தாள்.