கேலி நின்ற மேசை

“என்ன செவு, இன்னிக்கும் உப்பில்லாத மரவள்ளிக் கிழங்கா? உன் சமையலைப் பார்த்தா வெட்டி வெச்ச மீனே எழுந்து கடலுக்கு ஓடிடும்!”

அதே மேசையில் வெட்டும் விலியமேயின் குரலுக்குச் சுவா துறைமுகத்து மீன்வெட்டும் கூடமே சிரித்தது. புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளர் கமலேஷ்னியும் சிரித்துவிட்டாள். செவுலோனி மனைவியை இழந்தவர் என்பதும், அந்தத் துக்கத்தில்தான் முடி வெட்டாமல் இருக்கிறார் என்பதும் பிறகே அவளுக்குத் தெரிந்தன.

சிரித்த வாய் கசந்தது. கேலியோ ஓயவில்லை. செவுலோனி மட்டும் தலை நிமிராமல், கூடத்தில் எவருக்கும் இல்லாத வேகத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்.

உறுத்தல் தாளாமல், ஒருநாள் அவள் விலியமேயை அழைத்தாள்.

“மொதல்ல தொப்பிக்கு வெளிய தொங்குற முடியை வெட்டு. மீன்ல விழுந்தா யார் பதில் சொல்றது?”

“இப்ப வெட்டக் கூடாதும்மா.”

“திமிரா? துக்கத்துல இருக்குற மனுஷனைச் சீண்டலாம், முடி வெட்ட மட்டும் கூடாதா? நாளையிலேருந்து உனக்குப் பனிக்கட்டிக் கிடங்குதான்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் காது கொடுக்கவில்லை.

மேசை அமைதியானது. ஆனால் செவுலோனியின் கத்தியும் தளர்ந்தது. சதையோடு முள்ளும் போயிற்று. ஒரே மீன் வெகுநேரம் அவர் முன் கிடந்தது.

“இந்த வாரத்துக்குள்ள தேறலைன்னா அவரை வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்றார் மேலாளர்.

புண் அவ்வளவு ஆழமாகிவிட்டது, தடுக்க வேண்டிய நானே தாமதித்துவிட்டேன் என்று கமலேஷ்னி மருகினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர் வெறுங்கையோடு போகலாகாது. அந்த ஊர் வழக்கப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மாலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“பெரியவரே, அவன் பேசின அன்னிக்கே நான் தடுத்திருக்கணும். தடுக்காம நானும் சேர்ந்து சிரிச்சேன். மன்னிச்சிடுங்க.”

செவுலோனி வேர்க்கட்டைத் தொடவில்லை.

“அவன் குரல் கேட்டாத்தாம்மா எனக்குக் கை ஓடும். இதை அவன்கிட்ட கொண்டுபோய்க் கொடுங்க.”

“விலியமேகிட்டயா? அவன்கிட்ட நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?”

“செத்துப்போனது அவனோட அக்கா.”