குதிகாலால் உருட்டிய பந்து

பதினைந்து பேர் ஆடும் எங்கள் ரக்பியிலிருந்து பதின்மூன்று பேர் ஆடும் ரக்பிக்கு ஆள்பிடிக்கிறவன் மூன்று நாளாக வேலியோரம் நின்றான், சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறில்லாமல்.

“அந்தாள் உன்னோட கதைச்சவனோ?” கப்டன் ஜெரோம் அண்ணை ஒவ்வொருவராய்ப் பிடித்துக் கேட்டார்.

“இல்லையண்ணை.” எல்லோருக்கும் அதே பதில்.

அன்று பயிற்சியில் சுதனை மடக்கி விழுத்தினேன். எங்கள் ஆட்டத்தில் விழுந்தவன் பந்தை உடனே கைவிட வேண்டும். சுதனோ பந்தோடு எழுந்து நின்று, அதைத் தரையில் வைத்துக் குதிகாலால் பின்னுக்கு உருட்டினான். அது பதின்மூன்று பேர் ஆட்டத்தின் வழக்கம்; உருளும் பந்தை எடுக்க, அதைப் பழகிய ஒருவன் முன்கூட்டியே பின்னால் போய்க் குனிந்து நிற்பான்.

பந்து உருண்ட திசையைப் பார்த்தேன். சுதன் எழும்ப முன்னமே அங்கே போய், கை நீட்டிக் குனிந்து காத்திருந்தார் ஜெரோம் அண்ணை.