உள்நாட்டு இரும்பு

"ஒருத்தரோடயாவது கதையுங்கோ அண்ணை..."

"பொலிஸில எனக்கு ஒருத்தரையும் தெரியாதெண்டு சொல்லுறன்..."

இரும்பு ஆலை இயக்குநர் பரராசசிங்கத்தின் வெள்ளவத்தை வீட்டு வாசலில் அண்ணன், தங்கை இருவர் குரலும் மோதிக்கொண்டன. பொலிஸ் சுற்றிவளைப்பில் தங்கை தவமலரின் மகன் பிடிபட்டு ஐந்து நாளாகிறது. 'உள்நாட்டு இரும்பையே வாங்குங்கள்' என்று மேடைமேடையாய் முழங்கியவருக்கு, தங்கையின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"நான் இரும்பு விக்கிறவன், பிள்ளை. அவங்களோட எனக்கென்ன கதை?"

தவமலர் உள்ளங்கையை விரித்தாள். சிவப்புப் பெயின்ட் அப்பியிருந்தது.

"காலமை மகனைப் பார்த்தனான். அவனை அடைச்சிருக்கிற அறைக்குப் புதுக் கம்பி போட்டிருக்கு, பெயின்ட் இன்னும் காயேல்லை. ஒவ்வொண்டிலயும் உங்கட கொம்பனிப் பேர் புடைச்சு நிக்குது."

பரராசசிங்கம் தலை குனிந்தார்.

"அந்தக் கம்பி விக்கேக்க ஆரோட கதைச்சனீங்கள், அண்ணை?"